கீழிருந்து பெய்த மழை

தாரா மூன்றாவது தடவையாக அந்த இலையைத் தடவிப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் விரல் சுத்தமாகவே திரும்பி வந்தது.

"போதும்கா. இதுக்கு மேல தடவுனா இலை போலீஸ்ல ரிப்போட் பண்ணிரும்," என்றான் இருளப்பன்.

தாரா சிரிக்கவில்லை. சுங்கைப்பட்டாணியில் ஒரு பல் கிளினிக்கின் மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்துக்கு அவள் முதலாளி. இருளப்பன் அதன் ஒரே உதவியாளன், கார் ஓட்டுபவன், தேநீர் வாங்கி வருபவன், கேட்காமலே கருத்துச் சொல்பவன். காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடித்துப் பழகிய தாராவுக்கு எதையும் ஒரு தடவை பார்த்து நம்ப வராது. அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியவள் திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அதற்காகவே இருளப்பன் கடைசிப் படியில் உட்கார்ந்து காத்திருப்பான்.

இப்போது அவர்கள் நின்றது புக்கிட் செலம்பாவுக்கு அப்பால், ஒரு பக்கம் பாமாயில் தரும் செம்பனையும் மறு பக்கம் காடுமாக ஓடும் மண்சாலையில். காட்டுக்குப் பின்னால், மலையைப் பாதி தின்றுவிட்ட ஒரு கல்குவாரி. சாலையின் இந்த முனையில் மருதம்மாளின் வீடு. அவள் வளர்த்தது கெலுலுட் தேனீ, கொசுவளவே இருக்கும், கொட்டாது, புளிப்புத் தேன் தரும். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் பெட்டிகளைச் சுற்றி அவை பிடிபிடியாக அள்ளும்படி செத்துக் கிடந்தன.

முந்தின நாள் செம்பனையில் இலைப்புழுவுக்கு மருந்து அடித்தவன் ஜெயகுமார். செத்த தேனீக்களின் இறக்கைகள் பிசின் பட்டதுபோல் ஒட்டியிருந்தன. மருந்து இலையில் நிற்பதற்காக ஒட்டுப்பசை கலப்பார்கள் என்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. மருதம்மாள் போலீஸில் புகார் கொடுத்தாள். இன்று, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஜெயகுமார் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வழக்கென்று ஆகிவிட்டால் மருந்தடிக்கும் பெர்மிட் போய்விடும். அதன்பிறகு எந்தத் தோட்டமும் அவனை வாசல் தாண்ட விடாது.

காலையில் அலுவலகத்துக்கு வந்தவன் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "அந்த மருந்து புழுவ மட்டும்தான் கொல்லும்கா. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. தேனிய கொன்னது கல்லுமலத் தூசி. நீங்க போய்ப் பாருங்க," என்றான்.

போய்ப் பார்த்தாயிற்று. தூசியைத்தான் காணோம்.

குவாரி மேலாளர் இதைத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தார். ஊர்க்காரர்களின் பழைய புகாருக்காகப் புதன்கிழமை அதிகாரிகள் வந்தார்களாம், இலைகளைத் துடைத்துப் பார்த்தார்களாம், திருப்தியாகப் போனார்களாம். இயந்திரம் பழுதாகித் திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்தே கல் உடைக்கவில்லையாம். இடையில் ஒரு மழை பெய்து எல்லாம் கழுவிவிட்டது, காடு பச்சைப்பசேலென்று இருக்கிறது, நீங்களும் வந்து பாருங்கள் என்று விருந்துக்கு அழைப்பதுபோல் அழைத்தார்.

தாராவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பத்தடி போனாள், திரும்பி வந்தாள். ஏதோ ஒன்று சரியில்லை. ஆனால் சரியில்லை என்று தோன்றுவதெல்லாம் தடயம் ஆகிவிடாது. தனக்குத் தூசி வேண்டும் என்பதற்காகத் தூசி இல்லாததையே சந்தேகப்படுகிறோமோ? விரலை மறுபடி தேய்த்துப் பார்த்தாள். தூசி இல்லை. ஆனால் விரலோடு விரல் லேசாக ஒட்டியது.

"தம்பி, இந்த இலை ஏன் இப்படி மின்னுது?"

"ஜெல் போட்டுத் தல வாரியிருக்கு," என்றான் இருளப்பன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காட்டு ரம்புத்தான் மரத்தில் ஏறத் தொடங்கியிருந்தான். மேலே போனால் குவாரி உண்மையிலேயே சும்மா கிடக்கிறதா என்று தெரியும் என்பது அவன் யோசனை.

ஏறினவன் சீக்கிரமே இறங்கிவிட்டான். முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை. குவாரி ஓடவில்லை, மேலாளர் சொன்னது நிஜம்தான் என்றான். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"என்னடா?"

"கடிக்கலக்கா. பொறந்ததுலேருந்து இந்த மாதிரி மரத்துல ஏறுறேன். செவ்வெறும்பு கடிக்காம ஒரு தடவகூட நான் எறங்குனது கெடையாது. மேல அதுங்க கூடு ஒன்னு காஞ்சு தொங்குது. உள்ள ஒரு எறும்பு இல்ல. சிலந்தி வலகூட இல்ல. வாடகை குடுக்க முடியாம எல்லாம் வீட்டக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு."

தாரா காதைத் தீட்டிக் கேட்டாள். அப்போதுதான் அவளை இவ்வளவு நேரமாகத் துளைத்தது எது என்று புரிந்தது. காட்டோரம் நிற்கிறார்கள். ஒரு பறவை கத்தவில்லை. ஒரு பூச்சி இரையவில்லை. பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் படத்தில் வரைந்த பச்சைபோல் இருக்கிறது.

"இன்னொன்னு," என்று இருளப்பன் சட்டைப் பையிலிருந்து ஓர் இலையை எடுத்து நீட்டினான். உச்சியில் பறித்தது. மாவில் புரட்டியது போல் வெள்ளையாக இருந்தது. "கீழ ஜெல்லு, மேல பவுடர். மரம் கல்யாணத்துக்குக் கெளம்புதுபோல."

தாரா இலையை வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், செம்பனை ஓரம் வரை சென்று நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நேரம் கைக்கு எட்டியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதிகாரிகளும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். காட்டின் ஓரம் நெடுக, இரண்டு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, யாரோ கோடு போட்டதுபோல் ஒரு எல்லை. அதற்குக் கீழே மின்னும் பச்சை. அதற்கு மேலே சாம்பல்.

"மழை மேலேருந்துதானே பெய்யும்?" என்றாள் மெதுவாக. "உச்சியை விட்டுட்டு இடுப்பை மட்டும் கழுவுற மழை எது?"

"கீழேருந்து பெய்யிற மழ," என்றான் இருளப்பன். "தண்ணி லோரி, ஓஸ் பைப்பு."

குவாரிச் சாலைகளில் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் லாரி. அதிகாரிகள் வருவதற்குள் காட்டைக் குளிப்பாட்டிவிட்டார்கள். தாரா கைப்பேசியை எடுத்தாள். உடனே ஜெயகுமாரை அழைத்து, பிடி கிடைத்துவிட்டது, பயப்படாதே என்று சொல்லிவிட்டாள். வைத்த மறு நொடியே அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது. கழுவினார்கள் என்பது கழுவினார்கள் என்பதை மட்டும்தான் காட்டும். தேனீயைக் கொன்றது ஜெயகுமாரின் மருந்து இல்லை என்று அது எங்கே சொல்கிறது? தூசி காட்டை மெல்ல மெல்லத்தான் கொல்லும். ஒரே காலையில் அள்ளிக் கொட்டும்படி கொல்லுமா?

கழுவிய கோடு எங்கே முடிகிறது என்று பார்ப்போம் என்று சாலையோரமாகவே நடந்தார்கள். மின்னும் பச்சை விடாமல் வந்தது, சாலையின் மறு முனையில் ஒரு பெரிய பூலாய் மரம் வரை. செம்பனையின் கடைசி வரிசை ஏறக்குறைய அதன்மேல் சாய்ந்து நின்றது. மரத்தடியில் தகரக் கூரை போட்ட சின்ன மேடை, சூலம், மஞ்சள் துணி. முனியாண்டி சாமி.

அந்த மரம் மட்டும் உச்சியிலிருந்து அடி வரை வெள்ளையாக இருந்தது. அதைத் தாண்டி மறுபடி மின்னும் பச்சை.

இருளப்பன் யாரும் சொல்லாமலே செருப்பை மறுபடி கழற்றினான். தாரா அவன் வெறுங்காலைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள்.

"உன்கிட்ட ஓஸைக் குடுத்து இந்த மரத்து மேல பீச்சி அடிக்கச் சொன்னா அடிப்பியா?"

"சாமி மூஞ்சியிலயா? சம்பளத்தப் புடிச்சுக்கோன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவேன்." அவன் காதோரம் எதையோ கையால் விரட்டினான். "சே, கொசு."

மேடைமீது படிந்திருந்த தூசியில் ஒரு சுருட்டும் ஒரு எலுமிச்சம் பழமும் இருந்தன. மேடை வெள்ளை, சூலம் வெள்ளை, பழைய விளக்கு வெள்ளை. சுருட்டு மட்டும் கடையிலிருந்து வந்தபடி பழுப்பாக இருந்தது. கல் உடைப்பது நின்ற பிறகு வைத்தது. சாமியைக் கிட்டத்தட்ட நனைத்துவிட்டோமே என்று பயந்தவன் மன்னிப்புக் கேட்டு வைத்தது.

குவாரியில் தண்ணி லாரி ஓட்டுகிறவர்கள் யார் என்று தாரா கேட்டாள். ஒருவன் வங்காளதேசத்துக்காரன், ஒருவர் செமிலிங்கிலிருந்து வரும் மலாய்க்காரர், மூன்றாவது மனோகரன் அண்ணன் என்ற, அந்தப் பக்கத்து ஆட்களையெல்லாம் தெரிந்த இருளப்பன், அந்தப் பெயரைச் சொன்னதும் நிறுத்திவிட்டான்.

"என்ன?"

"மருதம்மாள் அக்காவோட கூடப் பொறந்த தம்பிக்கா அவரு."

மனோகரன் மத்தியான வேளையில் திகாம் பத்துவில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார் என்று இருளப்பனுக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய, தோள் அகன்ற மனிதர். எதிரில் கோப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. வரும் வழியெல்லாம் தாரா கோபத்தை அடுக்கிக்கொண்டே வந்திருந்தாள். அக்காவின் தேனீ செத்துக் கிடக்கும்போது கம்பெனிக்காகத் தடயத்தைக் கழுவிய தம்பி. பழி இன்னொருவன்மேல் விழுந்ததும் வாயை மூடிக்கொண்ட தம்பி.

"சாமிக்கு வச்ச சுருட்டு நல்ல சுருட்டுண்ணே," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

மனோகரன் அவளைப் பார்க்கவில்லை. கோப்பையை ஒரு பக்கமாக நகர்த்தினார்.

அவர் மறுக்கப் போகிறார் என்று தாரா மேற்கொண்டு கேள்விகளைத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. ஆமாம், நான்தான் கழுவினேன் என்றார். உங்கள் மேலாளர் சொல்லித்தானே என்று கேட்டாள். அதற்குத்தான் அவர் நிமிர்ந்தார்.

"அவனுக்கு இது தெரியவே தெரியாது தங்கச்சி. சுத்தமா இருக்கறதப் பாத்து மழன்னு நெனச்சுக்கிட்டான், அவனுக்கு அதிர்ஷ்டம். நான் மறைக்கறதுக்குக் கழுவல. அதுங்க திங்கணும்னு கழுவுனேன்."

பிறகு சொல்லச் சொல்ல அவரால் நிறுத்த முடியவில்லை. போன வருஷத்திலிருந்தே தேனீக்கள் சாம்பல் பூசிக்கொண்டு கூடு திரும்பின. பூவுக்குள் தேன் இருக்க வேண்டிய இடத்தில் கல் மாவு. இலை மூச்சுவிட முடியாமல் சுருங்கினால் செடி எங்கிருந்து தேன் சுரக்கும்? பெத்தாய் மரம் பூத்தது, காய்க்கவில்லை, அந்தப் பூவுக்கு ராத்திரி வரும் வௌவால்கள் வருவதை நிறுத்திவிட்டன. பூச்சி இல்லாததால் பூச்சி தின்னும் குருவியும் போயிற்று. அக்கா மட்டும் விடவில்லை. தினமும் சாயங்காலம் ஈரத்துணியோடு வேலியில் படர்ந்த கொடியை ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழுக் காட்டையும் தூசியாக்கும் கம்பெனியில் தானே சம்பளம் வாங்கிக்கொண்டு, அவள் துணியைப் பிழிவதை வேலிக்கு இப்பால் நின்று பார்க்க அவரால் முடியவில்லை.

திங்கட்கிழமை இயந்திரம் நின்றதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். லாரித் தொட்டி நிறையத் தண்ணீர். இருட்டுவதற்குள் அக்கா வீட்டிலிருந்து தொடங்கிக் காட்டோரம் முழுக்கப் பீச்சிக்கொண்டே போனார். முனியாண்டி மரத்துக்கு வந்ததும் கை எழவில்லை. அதை விட்டுவிட்டு மேலே போனார்.

"ஆத்துத் தண்ணின்னு நெனச்சேன்," என்றார். "காலையில பாத்தா ஓஸ் வாயில வெள்ளையா பசை காஞ்சு கெடக்கு. முந்தின ஷிப்டுக்காரன் ரோட்டுக்கு அடிக்கிற மருந்தத் தொட்டியில ஏற்கெனவே கலந்து வச்சிருக்கான். தூசிய மண்ணோட ஒட்ட வைக்கிற மருந்து. அது பூவுல போயி... அதுங்க காலையில பூவுல உக்காந்ததுங்க, எந்திரிக்கல."

இருளப்பன் கடைக்காரரிடம் சூடாக ஒரு கோப்பி கொண்டுவரச் சொன்னான்.

அக்கா கைநிறைய அள்ளிக்கொண்டு அழுதபோது பெட்டிகளைத் தூக்கி அடுக்கியது தானேதான் என்றார். ஜெயகுமார் பெயரை அவள் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றாராம். வாய் வரவில்லையாம். இப்போது போய்ச் சொன்னால் மட்டும் யார் நம்புவார்கள்? தொட்டியைக் கழுவியாயிற்று. அது வெறும் தண்ணீர் என்று கம்பெனி சொல்லும். தெரிந்த பையனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறான் என்று போலீஸ் சொல்லும்.

தாராவுக்கு முகம் சுட்டது. வழியெல்லாம் அடுக்கிய கோபத்துக்கு இப்போது ஆள் இல்லை. அவள் கண்டுபிடித்த கோடு நிஜம், அதற்குச் சொன்ன காரணம் முழுத் தவறு. அதைவிட மோசம், ஜெயகுமாரிடம் பயப்படாதே என்று சொல்லிவிட்டாள். மனோகரன் சொல்வதுபோல் வெறும் வாய்வார்த்தை எடுபடாது. கையில் வேறென்ன இருக்கிறது? காலையிலிருந்து பார்த்ததையெல்லாம் முதலிலிருந்து ஒவ்வொன்றாக மனதுக்குள் எடுத்து வைத்தாள். இலை. எறும்பில்லாத மரம். கோடு. மேடை. சுருட்டு. இருளப்பனின் வெறுங்கால். அவன் கை.

அவள் எழுந்தேவிட்டாள்.

"தம்பி, அந்தக் காட்டுல ஒரு பூச்சி இல்ல. உன் காதுக்கிட்ட கொசு எங்கேருந்து வந்துச்சு?"

திரும்பிப் போகும்போது மனோகரன் யாரும் கூப்பிடாமலே பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

பூலாய் மரத்தின் சாலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. செம்பனையைப் பார்த்த பக்கத்தில், இடுப்பு உயரத்தில், வேர் மடிப்புக்குள் ஒரு பொந்து. அதன் வாயிலிருந்து விரல் நீளத்துக்குப் பிசின் குழல் ஒன்று ஊதுகுழல்போல் நீட்டிக்கொண்டிருந்தது. கெலுலுட் தன் வாசலைப் பிசினால்தான் கட்டும். குழலுக்குள் சின்னச் சின்னதாகக் கறுப்பு உடல்கள் நுழைந்துகொண்டும் வந்துகொண்டும் இருந்தன. தாரா கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். கால்களில் மஞ்சள் மகரந்தம்.

"செம்பனப் பூவு," என்றார் மனோகரன். அவர் குரல் மாறிவிட்டிருந்தது.

ஜெயகுமார் மருந்தடித்த செம்பனை. அந்தப் பூவிலேயே உட்கார்ந்து, அதன் மகரந்தத்தையே சுமந்து வந்து இந்தக் கூடு உயிரோடிருக்கிறது. அவன் மருந்து தேனீயைக் கொல்லும் என்றால் முதலில் சாக வேண்டியது இதுதான். மருதம்மாளின் பெட்டிகள் இருப்பதோ சாலையின் அந்த முனையில். கழுவிய இடத்தில் இருந்தவை செத்தன, கழுவாத மரத்தில் இருந்தவை பிழைத்தன. இதை எந்தத் தொட்டியைக் கழுவியும் இல்லையென்று ஆக்க முடியாது.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. குழலின் அடிப்பகுதி தேன்பாகு நிறத்தில் கறுத்திருந்தது. நுனிக்கு வர வர நிறம் வெளுத்து, கடைசியில் சிமெண்டுபோல் சாம்பலாகிவிட்டது. பிசினோடு சேர்ந்து வந்த கல்தூசியையும் வைத்தே தேனீக்கள் வாசலைக் கட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. அடியில் பழைய காலம், நுனியில் தூசிக் காலம்.

"இன்ஜினியர் வச்சுக் கட்டுனாகூட இவ்ளோ தெளிவா சொல்ல முடியாது," என்றான் இருளப்பன் மெல்ல.

செருப்புச் சத்தம் கேட்டது. கையில் எண்ணெய்ப் புட்டி, தோளில் ஈரத்துணியோடு மருதம்மாள் வந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை விளக்கு. தன் தம்பியைச் சாமி மரத்தடியில் இவர்கள் இரண்டு பேரோடு பார்த்ததும் நின்றாள்.

தாரா நகர்ந்து வழிவிட்டாள். அவர்தான் சொல்ல வேண்டும். மனோகரன் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, ஓஸ், தொட்டி, பசை என்று முன்பின்னாகச் சொன்னார். மருதம்மாளின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"பூவையுமா கழுவுன?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆமாக்கா."

மருதம்மாள் எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைத்தாள். பிறகு பொந்துக்குப் பக்கத்தில் குனிந்து மரத்தில் காதை வைத்தாள். உள்ளே இரைச்சல் கேட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் வெள்ளை.

"அந்தப் பையனக் கூப்புட்டு ஸ்டேசன் வாசல்லயே நிக்கச் சொல்லு," என்றாள் இருளப்பனிடம். "நான் வர்றேன். இவனும் வருவான். நான் குடுத்த புகார நானே போயி எடுக்கணும்."

அப்போது மலைக்குப் பின்னால் ஒரு உறுமல் எழுந்தது. நான்கு நாளாகக் கிடந்த இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. உச்சியில் சாம்பல் புகை கிளம்பி, காற்றில் சாய்ந்து, காட்டின்மேல் மெல்ல இறங்க ஆரம்பித்தது. நாளைக் காலைக்குள் கழுவியதும் கழுவாததும் ஒரே நிறமாகிவிடும். கோடு இருக்காது. அவள் கைப்பேசியோடு சாலை நெடுக ஓடி, மரம் மரமாக, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படம் எடுத்தாள். இருளப்பன் ஒரு தடவைகூடக் கிண்டல் செய்யவில்லை.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது மருதம்மாள் விளக்கேற்றி முடித்திருந்தாள். வெள்ளிதோறும் செய்வதுபோல் மரத்தைத் துடைத்துக் குங்குமம் வைக்க ஈரத்துணியை எடுத்திருந்தாள். தாரா அவளை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். அதைத் துடைக்காதீர்கள் என்று கும்பிடுகிறவளிடம் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருதம்மாள் மரத்தையும், மேலே இறங்கி வரும் சாம்பலையும், பொந்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழலையும் பார்த்தாள். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளைத் தூசியின் மேலேயே கட்டைவிரலால் குங்குமத்தை அழுத்தினாள்.

"சாமி கொஞ்ச நாளைக்கு அழுக்காவே இருக்கட்டும்," என்றாள். "பாக்க வேண்டியவங்க வந்து பாக்கட்டும்."

பிறகு தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.